தோடம்பழத் தோலில் எழுந்த காடு



நமது நகரங்களில் வீதியோரம் குடைபோல் விரிந்து நிழல் தரும் மாரா மரத்தை நீங்கள் அறிவீர்கள். அதன் தாயகம் மத்திய அமெரிக்கா. அம்மரம் தானாகவே வளரும் கொஸ்தாரிக்கா நாட்டின் வடமேற்கிலுள்ள குவானகாஸ்தேக்கு இன்று உங்களை அழைத்துச் செல்கிறோம்.

2013இல் அங்கே ஒரு வீதியின் நடுவில் நின்றிருந்தால், ஒரு பக்கம் புல்லும் சில சிறு மரங்களும். மறுபக்கம் கொடிகள் பின்னிக் கிடக்கும் அடர்காடு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மழை, ஒரே வெயில். பிறகேன் இந்த வித்தியாசம்?

இரண்டுமே மாடு மேய்த்துக் கைவிடப்பட்ட நிலம்தான். மேய்ச்சலுக்கென்று ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட புல் ஆளுயரம் வளரும். விழுகின்ற விதைக்கு வெளிச்சம் கிடையாது. தப்பி முளைத்த கன்றையும் வரட்சிக் காலத்துத் தீ விழுங்கிவிடும். மாடுகள் மிதித்து இறுகிய மண்ணிலே சத்துமில்லை.

தொண்ணூறுகளில் டானியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் என்ற விஞ்ஞானத் தம்பதியர் பக்கத்திலிருந்த பழச்சாற்றுக் கம்பனியொன்றுடன் பேசினர். கம்பனி தன் காட்டுநிலத்தை வனப்பூங்காவுக்குத் தருவது. பழம் பிழிந்த கழிவை இந்தத் தரிசிலே கொட்டுவது. 1,000 லொறிகளில் சுமார் 12,000 டொன் தோலும் சக்கையும் வெறும் 3 ஹெக்டெயரில் வந்து குவிந்தன. நாற்றம், இலையான்! நாலு தோடம்பழத் தோலை மூலையில் மறந்துவிட்டாலே நம் குசினி என்ன பாடுபடும்! ஆனால் அந்தப் பாரத்தின் கீழ் புல் மூச்சுமுட்டிச் செத்தது. ஆறே மாதத்தில் சக்கை மக்கி, கறுத்த, பொலபொலப்பான மண்ணாயிற்று.

அதற்குள் போட்டிக் கம்பனியொன்று, பூங்காவை அசுத்தப்படுத்துகிறார்களென்று வழக்கு வைத்தது. உயர் நீதிமன்றமும் அதன் பக்கமே தீர்ப்பளித்தது. இன்னும் சில வருடம் பொறுத்துப் பார்த்திருக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. கொட்டுவது நின்றது; இடமும் மறந்து போயிற்று.

2013இல் தேடிச் சென்ற ஆய்வாளருக்கு இடம் பிடிபடவில்லை. மஞ்சள் எழுத்தில் அடையாளமாக நாட்டியிருந்த 7 அடிப் பலகையையே காடு மூடிவிட்டிருந்தது! 2017இல் வெளியான கணக்கின்படி, எதிர்ப்பக்கத்தைவிட இங்கே மரங்களின் திணிவு 176 சதவீதம் அதிகம். அங்கே 8 வகை மரமென்றால் இங்கே 24. ஒன்றுகூட மனிதர் நட்டதல்ல. காற்றையும் பறவையையும் விலங்கையும் கொண்டு அல்லாஹ் விதைத்தவை.

இதை வாசித்துவிட்டு வீட்டுக் குப்பையைக் காட்டோரம் கொட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அங்கே விழுந்தது பொலித்தீனும் போத்தலும் கலந்த குப்பையல்ல, மக்கக்கூடிய பழக்கழிவு. அத்தோடு, விதை தருவதற்குப் பழைய காடும் பக்கத்திலேயே இருந்தது.