உயிலங்குளத்து உப்பட்டி

மன்னார் நகரிலிருந்து மதவாச்சி வீதியால் முருங்கனுக்குப் போகிறவர்கள் உயிலங்குளத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில் இந்த ஊரின் பெயரைக் கேட்டாலே சோதனைச்சாவடியும் நீண்ட வரிசையும்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் இது வயல் ஊர். அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, கட்டுக்கரைக் குளத்தில் சேர்த்து, வாய்க்கால் வழியே விடுகின்ற பழைய நீர்ப்பாசனம்தான் இந்தப் பக்கத்து ஊர்களின் உயிர்நாடி.

மாசி மாதமளவில் இங்கே காலபோக அறுவடை நடக்கும். முன்பு அதற்கு அருவி வெட்டு என்று பெயர். பெண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டி, பிடி பிடியாக அடிக்கட்டையின் மேல் கிடத்துவார்கள். அதுதான் உப்பட்டி. இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு கட்டித் தூக்கிச் சூடு வைப்பார்கள். வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினால், காணியில்லாத வீட்டிலும் சில நாள் உலை கொதிக்கும்.

2008 இல் போர் இந்த வயல்வெளிகளுக்குள் வந்தது. மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2009 க்குப் பின்னர் மீளக் குடியேறியபோது வெட்டு மெசினும் வந்து சேர்ந்தது. நிற்கிற பயிரையே வெட்டி, அடித்து, நெல்லை மூட்டையில் தருகிறது. ஆளில்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. கணவனை இழந்து தனியே கமம் செய்யும் சகோதரிக்கு, பத்துப் பேரைத் தேடி அலையும் வேலை மிச்சம்.

ஆனால் இரண்டு விடயங்கள் கைவிட்டுப் போயின. ஒன்று, பெண்களின் வெட்டுக் கூலி. மற்றது, உப்பட்டியில் நடந்த காய்ச்சல். மெசின் தருகிற நெல்லில் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேலும் இருக்கும். அதை மூட்டையிலேயே வைத்தால் ஒரு நாளிலேயே சூடேறும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்கும் தரமோ 14 வீத ஈரப்பதன். அதனால் களத்து வாசலிலேயே வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியதாகிறது.

நம்மவர் பலரின் உறவுகள் வாழும் கனடாவிலோ, பெரிய மெசின் இருந்தும் பல கமக்காரர் கோதுமையையும் கனோலாவையும் முதலில் வெட்டி வரிசையாகக் கிடத்துகிறார்கள். பல நாள் காய்ந்த பிறகே இன்னொரு மெசின் அதை அள்ளி அடிக்கிறது. அதுவும் ஒருவகை உப்பட்டிதான். பயிர் ஒரே சீராகக் காயவேண்டும் என்பதே நோக்கம். நெல்லை மட்டும் அவ்வளவு நாள் விடக்கூடாது. இரவில் பனியும் பகலில் வெயிலும் மாறி மாறிப் பட்டால் அரிசி வெடித்துக் குருணலாகிவிடும்.

சகோதரிகளே, விற்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். 22 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 91 கிலோ நிற்கும். 18 வீதமானால் 95 கிலோ. இதற்கு மேல் ஈரத்துக்கென்று கழித்தால் ஏன் என்று கேட்கலாம்.

காயவைப்பது பெரிய வித்தையல்ல. ஒரு காலத்தில் நமக்குக் கூரையாக இருந்த தறப்பாளை விரித்து, இரண்டு விரலளவு தடிப்பில் நெல்லைப் பரப்புங்கள். அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பொழுதுபட முன் கூட்டி மூடுங்கள். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடையவேண்டும். தார் வீதியில் பரப்பினால் கல்லும் சேரும், வாகனத்தால் உயிருக்கும் ஆபத்து.

விதைநெல்லுக்கென்று வயலின் ஒரு மூலையையாவது கையால் வெட்டி உப்பட்டி போடுவது நல்லது. பல வயல் மாறி வரும் மெசினுக்குள் அடுத்தவர் வயலின் வேற்றின நெல்லும் களைநெல்லும் தங்கியிருக்கும்.

தனியொருத்திக்கு இவையெல்லாம் சுமைதான். ஒரு மாதர் சங்கம் சேர்ந்து நாலு தறப்பாளும் ஒரு ஈரப்பதமானியும் வாங்கி, முறைவைத்துப் பாவித்தால் சுமை குறையும். வியாபாரியின் லொறி வந்து நிற்கும்போது, இன்றைக்கு விற்பதா, இரண்டு நாள் கழித்து விற்பதா என்று முடிவெடுப்பவள் நெல்லுக்குரியவளாக இருப்பாள்.