முள் ஏறும்போதே நிறுத்துங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் மும்பை சுனாபட்டியில் நம் பிள்ளைகளுக்கு ஒரே பேச்சுதான். டிக்கெட் கன்ஃபர்ம் ஆச்சா, ஆகலேன்னா யார் வண்டி? 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் தேதிக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் திறந்த கையோடு வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். எங்கள் காலத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஜெனரல் பெட்டியில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தோம். இன்று பல வீடுகளில் கார் நிற்கிறது. சயான்–பன்வேல் ரோட்டைப் பிடித்து, எக்ஸ்பிரஸ் வேயில் ஏறி, புனே தாண்டி, கிருஷ்ணகிரி வரை 48ஆம் எண் நெடுஞ்சாலை, அங்கிருந்து 44. திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்.

போக வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் அப்படிப் போனவன்தான்.

நம் வண்டிகளைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வருடம் முழுக்கச் செம்பூருக்கும் குர்லாவுக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி, தன் நோயை வெளியே காட்டாது. நாள்பட்ட ரப்பர் ஹோஸ் இறுகி வெடித்திருக்கும். கூலன்ட் குறைந்த இடத்தில் யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் எலி வயரைக் கடித்திருக்கும். டிராஃபிக்கில் நகரும்வரை ஒன்றும் தெரியாது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி, ஏசியும் ஓட, கண்டாலா காட் என்கிற மலைப்பாதையில் ஏறும்போதுதான் இன்ஜினுக்கு முதல் பரீட்சை. அதற்கப்புறம் கம்பாட்கி காட் இருக்கிறது. அதையும் தாண்டினால் நிப்பாணிக்குப் பிறகு தவந்தி காட்.

எங்களுக்கு வினை அங்கேதான் வந்தது. சில வருடங்களுக்கு முன், மார்கழி இரவு. மகன் ஓட்டினான். கோலாப்பூர் தாண்டும்வரை பாட்டும் பேச்சுமாக வந்தவர்கள் தூங்கத் தொடங்கியிருந்தார்கள். ஏற்றத்தில் ஹீட் முள் நடுவிலிருந்து மேலே நகர்ந்ததை முதலில் பார்த்தது மருமகள்தான். "பெல்காம் போயிடலாம், அங்கே மெக்கானிக் இருப்பான்" என்றான் மகன். அவள் விடவில்லை. "இப்பவே ஓரங்கட்டுங்க" என்றாள். இன்ஜினைக் காப்பாற்றியது அந்த ஒரு வார்த்தை. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், ரிப்பேர் செலவு பல மடங்காகியிருக்கும். ஊர்ப் பயணமும் அதோடு முடிந்திருக்கும்.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. ஏசியை அணைத்து, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, இடது ஓரத்தின் கடைசிக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். தூங்குகிற குழந்தையானாலும் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். அந்த வட்டாரத்தில் குளிர்காலம் என்பது கரும்பு அரவைக் காலம். பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர்கள் மலைபோலக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும். அவற்றைவிட்டு விலகி வருகிற லாரிக்காரருக்கு ஓரத்தில் நிற்கும் கார் கடைசி நொடியில்தான் தெரியும். சிவப்பு முக்கோணத்தை வண்டியின் காலடியில் வைத்துப் பயனில்லை. ஐம்பது மீட்டராவது பின்னால் கொண்டுபோய் வையுங்கள்.

பானெட்டைத் திறக்கலாம், ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது விசில் அடங்காத குக்கர். அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் நீர், மூடி தளர்ந்த கணத்தில் முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடான இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடலாம்.

எங்கள் ஸ்வெட்டரெல்லாம் டிக்கியில், பட்டுப்புடவைப் பெட்டிக்கும் அடியில் இருந்தது. மும்பைக்காரர்களுக்குக் குளிர் நினைவிலேயே இருப்பதில்லை. பேத்தி ஆச்சியின் முந்தானைக்குள் ஒடுங்கி நடுங்கினாள். ஒரு போர்வையும் தண்ணீர்க் கேனும் டார்ச்சும் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்த இருட்டில் மைத்துனர் ஆரம்பித்தார்: "சர்வீஸுக்கு விடாமலா எடுத்தே?" விட்டுத்தான் எடுத்திருந்தான். மகன் முகம் சுருங்கிப்போனது. வண்டி நின்ற இடத்தில் குற்றவாளியைத் தேடுகிற குடும்பம், அந்த இரவில் இருக்கிற ஒரே நல்ல மூளையையும் குழப்பிவிடுகிறது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அவன்தான் ஓட்ட வேண்டும். "அதெல்லாம் ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம் மாப்பிள்ளை" என்று அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். ஊரில் யாரும் பேசவில்லை.

கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டர்காரர் தானாகவே நிறுத்தினார். இடம் கர்நாடகம், ஆனால் நிப்பாணிப் பக்கம் வீடுகளில் மராத்திதான் பேசுகிறார்கள். சுனாபட்டியில் வளர்ந்த மருமகள் மராத்தியில் பேசியதும் அவர் முகம் மலர்ந்தது. தமக்குத் தெரிந்த மெக்கானிக்கைப் போனில் எழுப்பி, அவர் வரும்வரை எங்களோடு நின்றார். கீழ் ஹோஸ் வெடித்துக் கசிந்திருந்தது. மாற்றி முடிக்க விடிந்துவிட்டது. டிராக்டர்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார், ஆச்சி கொடுத்த முறுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு மராத்தியை நாம் கற்றுக்கொள்வது வேலைக்காக மட்டும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எல்லா இரவிலும் டிராக்டர்காரர் வரமாட்டார். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, ஆபத்து என்றால் 112. மும்பை–புனே எக்ஸ்பிரஸ் வே மாநில அரசின் கழகத்துச் சாலை, அதற்கு உதவி எண் தனி. புறப்படும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஓரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு வண்டி எடுக்கிறவர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஹோஸ், பெல்ட், கூலன்ட், பேட்டரி, ஸ்டெப்னிக் காற்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று சரிபார்க்கச் சொல்லுங்கள். போகியன்று வீடு சேர்ந்தே ஆக வேண்டும் என்று கணக்குப் போடாமல், வழியில் ஒரு ராத்திரியைச் சும்மா ஒதுக்கி வையுங்கள். ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பார்கள்.