வலி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கிருத்திகை தவறாமல் திருத்தணி மலையின் 365 படியும் ஏறிவிடுகிற என் ஓரகத்தி, பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப மூன்று மாதம் ஆக்கினாள். வீடு தேடி வந்த சுகாதாரத் தொண்டர், 30 வயதைத் தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எனக்கென்ன நோய் அக்கா? நல்லாத்தானே இருக்கேன்!" என்பாள்.

எங்கள் சின்ன மாமியார் இந்த நோயில்தான் போனார். உதிரப்போக்கை 'உஷ்ணம்' என்று மறைத்து, வெந்தயமும் மோருமாகவே ஒரு வருஷத்தை ஓட்டியவர். அதைச் சொல்லித்தான் இவளை அழைத்துப் போனேன்.

சோதனை வெகு சுலபம். வினிகர் போன்ற நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்கிறார்கள். கோளாறுள்ள இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேல் சோதனை தேவை, அவ்வளவுதான். ஓரகத்திக்கு இருந்தது புற்றுக்கு முந்தைய நிலை. சிகிச்சையோடு முடிந்தது. அந்த நிலை புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேலாகும். அந்த அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வரம்.

இதன் பலனை உலகுக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். அங்கே 2000-ல் தொடங்கிய ஆய்வில், இச்சோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்தன. முடிவு 2007-ல் வெளியாயிற்று. வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றையும் 30 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க மத்திய அரசு 2016-ல் வழிமுறை வகுத்தது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது.

ஆனால், சோதனையோடு கடமை முடியக்கூடாது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று சீட்டு கொடுத்தால், பஸ் செலவும் ஒருநாள் கூலியும் கணக்குப் பார்த்து அதை அரிசி டப்பாவில் போட்டுவிடும் பெண்கள் எத்தனை பேர்! எங்களூரிலோ நகரியிலும் புத்தூரிலும் தாய்வீடு உள்ளவர்கள் ஏராளம். அங்கே போய் மாதக்கணக்கில் தங்கினால், இந்தப் பக்கத்து நர்ஸின் நோட்டுப் புத்தகம் எல்லை தாண்டிப் போகுமா? சீட்டு கொடுத்தவளைத் தேடிப் பிடித்து, சிகிச்சை முடிந்ததா என்று கேட்கும் ஏற்பாடே உண்மையான திட்டம். முடிந்தவரை சோதனையன்றே சிகிச்சையும் தந்துவிட்டால் இன்னும் உத்தமம்.

சகோதரிகளே, மாதவிலக்கு நின்றபின் உதிரம், தாம்பத்தியத்துக்குப்பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடு, மார்பில் வலியில்லாத கட்டி, ஆறாத வாய்ப்புண் – இவற்றில் எது கண்டாலும் சோதனை முகாமுக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும், 30 தாண்டியிருந்தால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். போகும்போது அடுத்த வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள். துணை இருந்தால் கூச்சம் பாதி குறையும்.