நாட்காட்டிப் புள்ளிகள்

சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையை ஆண்டுதோறும் மாணவியருக்கு நடத்திவருகிறேன். கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறியும் இடம் வந்ததும் வகுப்பில் ஓர் அமைதி கவியும். கற்பின் சீற்றம், தொல்தாய் வழிபாட்டின் எச்சம் என்று பல விளக்கங்களைச் சொல்லியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பாடத்தை நடத்திய ஒரு நாளில், கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்த முடியாதபடி என் இரு மார்புகளும் கனத்து வலித்தன. அன்று விளக்கம் எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பாகத் தொடங்கும் வலி அது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க இயலாது. வருகைப்பதிவேட்டை மார்போடு அணைத்து நடக்கும் பழக்கமே துன்பமாகிவிடும். இளவயதிலிருந்தே சிறிதளவு இருந்ததுதான். நாற்பதைக் கடந்தபின் மிகுந்தது.

எங்கள் வீட்டில் பால்கட்டுக்கு மருந்துண்டு. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இந்த வலிக்கோ மருந்துமில்லை, பெயருமில்லை. முலை, கொங்கை, நகில், தனம் என்று உறுப்புக்குச் சொற்களை அடுக்கிய இலக்கியத்தைப் படித்தவள் நான். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்து, அத்தலைப்பே பெரும் சர்ச்சையானபோது மாணவியாக இருந்தேன். அந்தச் சொல்லைக் குறித்து மணிக்கணக்கில் வாதிட்ட நாங்கள், அது வலிக்கும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

அம்முறை வலியோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. காரணம் என் சித்தி. மார்பில் நெல்லிக்காயளவு கட்டி இருந்ததை இரண்டு ஆண்டுகள் யாரிடமும் சொல்லாதிருந்தவர். "வலிக்கவே இல்லையே, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னார். அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

பத்து இரவுகள் உறங்காதிருந்தபின் ஒரு பெண் மருத்துவரிடம் சென்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு பக்கமா, இரு பக்கமுமா?" என்பது. இரண்டாவது, "விலக்கானதும் குறைகிறதா?" என்பது. இரு பக்கமும் வலித்து, உதிரம் கண்டதும் தணிவது பெரும்பாலும் இயக்குநீர்களின் மாதாந்திர ஏற்ற இறக்கத்தால். புற்று அவ்வாறு நாள் பார்த்து வந்துபோவதில்லை என்றார். கைகளால் சோதித்தார். வயதைக் கருதி மேமோகிராம் எழுதித் தந்தார். அதையும் விலக்கு முடிந்த வாரத்தில் எடுத்தால் அழுத்தும்போது வலி குறைவாக இருக்குமென்றார். முடிவில் குறையேதும் இல்லை.

அவர் சொன்ன தீர்வுகள் மிக எளியவை. மூன்று மாதங்கள் வலி நாட்களை நாட்காட்டியில் குறித்து வரவேண்டும். அளவான உள்ளாடை அணியவேண்டும். வலி நாட்களில் இரவிலும் மென்மையான ஒன்றை அணியலாம். இதைக் கேட்டு வெட்கினேன். துணிக்கடையில் ஆண் விற்பனையாளர் அளவு கேட்கும்போது, தலை நிமிராமல், கல்லூரி நாட்களின் எண்ணையே இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவள் நான். நாடாவால் அளந்து புதிதாக வாங்கியதுமே வலியில் பாதி குறைந்தது. வெந்நீர் ஒத்தடம் எனக்கு இதமளித்தது. சிலருக்குக் குளிர்ந்த துணி இதமளிக்குமாம். தாங்க இயலாத நாளில் பாரசிட்டமால். முழங்கால் வலிக்குப் பூசுகிறோமே, அந்த டைக்ளோஃபினாக் களிம்பையும் மருத்துவரைக் கேட்டு மார்பில் பூசலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. காப்பியை நிறுத்திப் பார்த்தேன், வேறுபாடு தெரியவில்லை. அதற்கு உறுதியான சான்றில்லை என்று மருத்துவரும் சிரித்தார். மாலை மீண்டும் காப்பி குடித்தேன்.

விடைபெறும்போது அவர் சொன்னது மறக்கவில்லை: "ஒரே இடத்தில் நிலைத்த வலி, விலக்குக்குப் பின்னும் கரையாத கட்டி, காம்பில் கசிவு, தோலில் குழிவு, இவற்றில் எதைக் கண்டாலும் வலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் வந்துவிடுங்கள். கெட்ட கட்டிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை."

வலித்ததால் நான் அஞ்சினேன். வலிக்காததால் சித்தி அஞ்சவில்லை. இருவருமே தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம். கேட்க ஒருவர் இருந்திருந்தால், கேட்கச் சொல் இருந்திருந்தால், அவர் இன்று இருந்திருக்கக்கூடும்.

சென்ற பருவத்தில் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, புத்தகங்களை மார்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி துறைக்கு வந்து, 'காய்ச்சல்' என்றெழுதிய விடுப்புக் கடிதத்தை நீட்டினாள். என் மேசை நாட்காட்டியைத் திருப்பி அவளிடம் காட்டினேன். மாதந்தோறும் வரிசையாக நீலப் புள்ளிகள். சற்று நேரம் பார்த்தவள், "அம்மா, உங்களுக்குமா?" என்று கேட்டாள். "எனக்கும்தான்" என்றேன். கடிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, எதிரிலிருந்த நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னேன்.