ஏன் என்று கேட்காத கடை

நம் ஊரில் துப்பாக்கி உரிமம் கேட்டு மனுப் போட்டால் முதல் கேள்வியே ‘எதற்கு?’ என்பதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் அறிக்கை வர வேண்டும். சொல்லும் காரணம் அதிகாரிக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டெக்ஸாஸில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கேட்பது வேறு. கடையில் 4473 என்ற படிவத்தை நீட்டுவார்கள்: குடியுரிமை என்ன, குற்றத் தண்டனை உண்டா, போதைப் பழக்கம் உண்டா? எச்-1பி விசாக்காரர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. எஃப்.பி.ஐ. பின்னணிச் சோதனை பல சமயம் நிமிடங்களில் முடிந்துவிடும். 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை இல்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம்.

யாரும் கேட்காவிட்டாலும் என்னிடம் காரணம் இருந்தது. ஹியூஸ்டன் புறநகரில் நண்பரோடு சேர்ந்து கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். இரவில் கடையை அடைத்து, அன்றைய ரொக்கத்தோடு காருக்கு நடக்க வேண்டும்.

பேன்ட் பாக்கெட்டில் அடங்குவதாக வேண்டும் என்றதும் 2008இல் வந்த ரூகர் எல்சிபியைக் காட்டினார்கள். காலியாக 300 கிராம்கூட இல்லை. வைத்திருப்பதே தெரியாது, சுட்டால் நன்றாகவே தெரியும். எடை குறையக் குறைய உதை கூடும். பிடியில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது. குறி பார்க்கும் மேடு கடுகளவு. 2018இல் வந்த சிக் பி365 கைக்கு அடங்கிச் சுடுகிறது, ஆனால் அரைக் கிலோ, பாக்கெட் தொங்கிவிடும். கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரை எடுத்தேன். ஐந்தே தோட்டா, டிரிகர் கடினம். சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் மாட்டாது. சின்னத் துப்பாக்கியைப் புதியவர்களுக்கென்று விற்கிறார்கள். உண்மையில் அது பழகிய கைக்கே வசப்படும். அதனால்தான், கட்டாயம் இல்லாதபோதும் உரிமத் தேர்வு எழுதினேன்: 3, 7, 15 கஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும்.

வாங்கியபின் அன்றாடமே மாறிவிடுகிறது. டிரிகரை மூடும் ஹோல்ஸ்டர் இல்லாமல் பாக்கெட்டில் போடக் கூடாது. அந்தப் பாக்கெட்டில் சாவியோ சில்லறையோ இருக்கக் கூடாது. 30.06 என்று பலகை மாட்டிய இடத்துக்குள் உரிமம் உள்ளவரும் மறைத்துக் கொண்டு போகக் கூடாது. சிவப்பில் 51% என்று எழுதிய மதுக்கூடம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் தடை. பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாளில் குழப்பமே இல்லை. வேட்டியில் பாக்கெட் கிடையாது. காரில் விட்டால் திருடு போகும், வீட்டில் விட்டால் பிள்ளைகள். ஆகவே பூட்டிய பெட்டகம்.

இத்தனை ஜாக்கிரதையும் எதைக் காக்க என்று யோசித்தால், விடை அந்த ரொக்கப் பைதான். இப்போது கடைத் தரையில் பதித்த இரும்புப் பெட்டியில் பணம் அவ்வப்போது விழுந்துவிடுகிறது. பகலில்தான் வங்கிக்குப் போகிறது. இரவில் வெறுங்கையோடு வருகிறோம். ரிவால்வர் பல நாள் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கிறது.

துப்பாக்கி வாங்க யோசனை கேட்கும் நண்பர்களிடம் முதலில் அந்த இரும்புப் பெட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். அதற்குப் பிறகும் வேண்டும் என்பவரை ரேஞ்சுக்கு அழைத்துப் போய், வாங்குவதற்கு முன்பே ஒரு பெட்டி தோட்டாவைச் சுடச் சொல்கிறேன்.