கடியப்பட்டணத்துக் கரையில் உறக்கமும் வெளிச்சமும்

நாகர்கோவிலிலிருந்து வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை ஊர்களைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் சாலை, தென்னந்தோப்புகளுக்கிடையே வளைந்து இறங்குகிறது. தோப்புகள் முடியும் இடத்தில் அலையோசை கேட்கத் தொடங்கும். கிழக்கே முட்டத்துச் செம்மண் மேடும் பாறைகளும் கலங்கரை விளக்கமும் தெரிகின்றன. மேற்கே மணவாளக்குறிச்சியின் கருமணற்கரை. அதற்கு முன்பாக வள்ளியாறு கடலோடு கலக்கும் பொழிமுகம். இவற்றுக்கு நடுவே, நெருங்கி நிற்கும் வீடுகளும், அவற்றுக்கு மேலாக ஓங்கி நிற்கும் பேதுரு பவுல் ஆலயமுமாக அமைந்த மீனவர் ஊரே கடியப்பட்டணம். புனித சவேரியார் 1544-ஆம் ஆண்டு ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்துச் சென்ற திருவிதாங்கூர்க் கடற்கரையில் இவ்வூரும் அடங்கும்.

இவ்வூரில் உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் வகுப்பது கடலே. ஊர் அடங்கிய பின் வலையேற்றிப் புறப்படும் வள்ளங்கள் உண்டு; விடியலுக்கு முன் இறங்குபவையும் உண்டு. ஆண்கள் கரையேறும் வேளையில் ஏலம் கூடுகிறது. பெண்கள் மீன் வாங்கிக்கொண்டு உள்நாட்டுச் சந்தைகளுக்கு விரைகின்றனர். இரவெல்லாம் உழைத்தவர், ஊரே விழித்து இரைந்துகொண்டிருக்கும் பகலில் கண்ணயர வேண்டும். இப்படி நாளுக்கொரு விதமாக உறங்குவதைக் கடற்கரைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்துள்ளன.

ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் அந்தப் பழக்கமும் குலைகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிறது. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சிறு வள்ளங்களுக்குத் தடை இல்லையெனினும், அலை இடம் தராத நாட்கள் பல. பேதுரு பவுல் திருநாளாகிய ஜூன் 29 இந்த மழைக்காலத்தின் நடுவிலேதான் வருகிறது. வானம் மூடியிருக்கும், கையில் காசு குறைந்திருக்கும், வேலையற்ற உடல் பகலில் படுத்துப் படுத்து எழும். இரவிலோ கண் மூடாது. எரிச்சலும், எதிலும் நாட்டமின்மையும், சிலருக்குக் குடியும் உடன் வந்து சேரும். இத்தகைய வீடுகளில் மனைவிமாரும் பிள்ளைகளும் படும் பாட்டை நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இதனைச் சோம்பல் என்றும், மனத்திடம் இல்லாமை என்றும் சொல்லிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

குறிப்பிட்ட பருவத்தில் ஆண்டுதோறும் வந்து, பருவம் மாறியதும் விலகும் மனச்சோர்வு ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல் அதனை ஒரு தனி நிலையாக விவரித்தனர். பெரும்பாலும் அது வடநாடுகளின் குளிர்காலத்தில் வருவது. மிகுந்த தூக்கம், மாவுப் பண்டங்களில் ஆசை, உடற்பருமன், சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். கோடையில் வரும் வகையும் உண்டு. அதில் தூக்கமும் பசியும் குறைந்து, உள்ளம் பதைக்கும்.

கடியப்பட்டணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே குளிர்நாட்டு நோயை அப்படியே நம் கரைக்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று. பருவந்தோறும் வேலை இழப்பதால் மட்டும் வரும் சோர்வை, மருத்துவ நூலோர் பருவகால மனச்சோர்வோடு சேர்த்து எண்ணுவதில்லை. அதற்கு முதல் மருந்து வருமானமும் வேலையுமே. ஆயினும் இரண்டு சோர்வுகளுக்கும் பொதுவான ஒரு வாசல் உண்டு. அதுதான் குலைந்த உறக்கம்.

நம் மக்கள் இன்று குளிர்நாடுகளிலும் வாழ்கின்றனர். 1980-களில் இலங்கைத் தமிழர் பலர் நார்வேயின் வடகோடியாகிய ஃபின்மார்க் கடற்கரைக்குச் சென்று, மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தனர். அங்கே நவம்பர் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. அந்த இருண்ட மாதங்களில் தூக்கமின்மை மிகுவதை நார்வே மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்துள்ளனர். வெயிலில் வளர்ந்த நம்மவர், விடியாத காலையில் எழுந்து வேலைக்குச் செல்வதை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனோ மகளோ மார்கழி, தை மாதங்களில் தொலைபேசியில் குரல் தாழ்ந்து பேசினால், ஊர் நினைவு என்று மட்டும் எண்ணிவிடாமல், “அங்கே வெளிச்சம் உண்டா? இரவில் தூங்குகிறாயா?” என்று கேட்பது நல்லது.

வெளிச்சத்துக்கும் உறக்கத்துக்கும் என்ன தொடர்பு? நம் மூளைக்குள் ஓர் இயற்கைக் கடிகாரம் இருக்கிறது. அது சரியாக இருபத்துநான்கு மணி நேரம் ஓடுவதில்லை. பெரும்பாலோருக்குச் சற்றே கூடுதலாக ஓடும். நாள்தோறும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் இதற்கெனவே சில செல்கள் உள்ளன. அவை பெறும் ஒளி மூளைக்குச் செய்தியாகச் செல்ல, உறக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. இருட்டியபின் மீண்டும் எழுகிறது. உடற்கடிகாரம் உயிரணுக்களில் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆகையால் குளிர்காலச் சோர்வுக்கு ஒளியே ஒரு சிகிச்சையாயிற்று. 10,000 லக்ஸ் அளவுள்ள விளக்குப் பெட்டியின் முன், காலையில் எழுந்தவுடன் அரைமணி நேரம் அமர்வது வழக்கமான முறை. பலருக்கு ஓரிரு வாரங்களில் பலன் தெரியும். இதையே மாலையில் செய்தால் கடிகாரம் பின்தள்ளி, நள்ளிரவிலும் தூக்கம் வராது. கண்நோய் உள்ளவர்களும், மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது. மருந்துகளும், எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பேச்சுச் சிகிச்சையும் பயன் தருகின்றன.

இங்கே நோயாளரைக் கலங்கச் செய்யும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சோர்வைப் போக்கத் தரும் மாத்திரைகளில் சில, தொடக்கத்தில் தூக்கத்தையே கலைக்கும். வேறு சில பகலிலும் மயக்கம் தரும். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். “மாத்திரை தின்றும் தூக்கம் போயிற்றே” என்று தாமே நிறுத்திவிடுவோர் பலர். நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் போதும். உண்ணும் வேளையை மாற்றியோ, அளவையோ மருந்தையோ மாற்றியோ அவர் சரிசெய்யக் கூடும். தூக்க மாத்திரையைத் தாமே கடையில் வாங்கி விழுங்குவது ஆபத்து. குடியோ, உறக்கத்தை விரைவில் தருவதுபோல் தந்து, பின்னிரவில் பறித்துக்கொள்ளும், சோர்வையும் மிகுவிக்கும்.

கடியப்பட்டணத்தாருக்கு விளக்குப் பெட்டி தேவையில்லை. மேகம் மூடிய ஆனி மாதக் காலையிலும் வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் உண்டு. வீட்டுக்குள்ளோ சில நூறுகூடத் தேறாது. கடலுக்குப் போகாத நாளிலும் குறித்த நேரத்தில் எழுந்து, கரையில் அரைமணி நேரம் நடக்கலாம்; வெளியே அமர்ந்து வலை பழுது பார்க்கலாம். பகலில் படுத்தால் அரைமணிக்கு மேல் வேண்டாம். இரவு தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பதைவிட, எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது படுப்பது மேல். கைப்பேசியைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இரவுத் தொழில் நடக்கும் காலத்தில் கதை வேறு. கரையேறும் வேளையில் முகத்தில் படும் இளவெயில், ‘பகல் வந்துவிட்டது’ என்று உடலுக்கு அறிவித்துவிடும். தலைக்குத் தொப்பியோ துண்டோ போட்டு வீடு சேர்ந்து, சன்னலை மூடி இருட்டாக்கிய அறையில் படுத்தால் உறக்கம் வரும். அவரைப் பத்து மணிக்கு ஒரு விருந்தினருக்காக எழுப்பாதிருப்பது வீட்டாரின் அன்பு. பகலில் ஒலிபெருக்கியின் குரலைச் சற்றுத் தாழ்த்துவது ஊராரின் அன்பு.

இன்னொரு துயரமும் இக்கரைக்கு உண்டு. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயல், குமரிக் கடற்கரை மீனவர் பலரைக் கொண்டுபோயிற்று. சிலர் உடல்கூடத் திரும்பவில்லை. அந்த நாள் நெருங்கும்போது உறக்கம் கலைவதும் நெஞ்சம் கனப்பதும் இழந்தோர்க்கு இயல்பே. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, வாழ்வில் பற்றே அற்றுப்போனால் மருத்துவ உதவி வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இறந்துவிடலாம் என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால், அவரைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடவேண்டும்.

செபம் குறைந்ததால்தான் இந்நோய் வந்தது என்று யாரும் யாரையும் குத்திக்காட்ட வேண்டாம். இறைவாக்கினர் எலியாவே பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, சாவை வேண்டியவர். அப்போது வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. உறங்கவிட்டார், எழுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், மறுபடியும் உறங்கவிட்டார். பயணம் அதற்குப் பிறகே தொடர்ந்தது.

அடுத்த ஆனி மாதம் கடல் மூடும்போது, நம் வீடுகளில் ஒருவர் ஒதுங்கி, உறங்காமல், பேசாமல் இருப்பாரானால், அவரை ஏசுவதற்கு முன் காலையில் கைபிடித்துக் கரைவரை அழைத்துச் செல்வோம். மருத்துவரிடம் செல்வதாயின் உடன் செல்வோம்.