அரை மணி நேர மௌனம்

திருவெளிப்பாட்டு நூலை வாய்விட்டு வாசிப்போர்க்குக் காதடைத்துப் போகும். நான்காம் அதிகாரம் தொடங்கி வானகத்தில் ஓயாத ஆரவாரம். அரியணையைச் சூழ்ந்து நிற்கும் நான்கு உயிர்களும் இரவென்றும் பகலென்றும் பாராமல் பாடுகின்றன. இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் முடிகளைக் கழற்றி வைத்துப் பணிகின்றனர். வானதூதர் கூட்டம் முழங்குகின்றது. எவராலும் எண்ண முடியாத பெருந்திரளான மக்கள் வெண்ணாடை உடுத்து, கையில் குருத்தோலை ஏந்தி ஆர்ப்பரிக்கின்றனர். இத்தனை ஓசைக்கும் பிறகு எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் வருகிறது. செம்மறி ஏழாவது முத்திரையை உடைக்கிறது. உடனே வானகம் முழுவதும் வாய் மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம்!

மணி அடித்த கணமே எங்கள் பள்ளி அமைதியாகிவிடும் என்று தலைமை அன்னை அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஓய்வொழிவின்றிப் பாடுவதே தொழிலாகக் கொண்ட சம்மனசுகளே பாட்டை நிறுத்தினார்கள் என்றால், அதற்குத் தக்க காரணம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தைத் தேடித்தான் பதினோராம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு மறைக்கல்வி வகுப்பில் பல வாரங்களைச் செலவிட்டோம்.

இக்காட்சியைக் கண்டவர் அருளப்பர். இன்றைய திருவிவிலியத்தில் அவரை யோவான் என்று வாசிக்கிறோம். கண்ட இடம் பத்மு தீவு. ஏஜியன் கடலில் முப்பத்து நான்கு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, பாறையும் குன்றுமான சிறிய தீவு. கடவுளின் வார்த்தையை முன்னிட்டு அங்கே இருக்க நேர்ந்ததாக அவரே எழுதுகிறார். உரோமைப் பேரரசன் தொமிசியான் ஆட்சியின் இறுதிக் காலம் அது என்பது புனித இரனேயு காலம் தொட்டு வரும் மரபு, அதாவது கி.பி. 95ஐ ஒட்டிய ஆண்டுகள். ஆக, இது வலியவன் எழுதிய நூலன்று. பேரரசால் அடக்கப்பட்ட ஒருவர், தம்மைப் போலவே அடக்கப்பட்ட ஏழு சிறு சபைகளுக்கு எழுதியது. எங்கள் கைபேசிக்கு அவ்வப்போது வந்து சேரும் காணொளிகள் இதை மறந்துவிடுகின்றன. எந்த முத்திரை எந்த நாட்டைக் குறிக்கும், எக்காளம் எந்த ஆண்டில் ஊதும் என்று அவை கணக்குப் போடுகின்றன. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் பொழுது விடிந்தது. 2012 டிசம்பரிலும் இப்படி ஒரு புரளி எழுந்து அடங்கியதைப் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். நாளும் நேரமும் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று ஆண்டவரே சொல்லிவிட்ட பிறகு அந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

அந்த அரை மணி நேரத்தில் என்னதான் நடந்தது? ஒரு வானதூதர் பொன் தூபக் கலசத்துடன் வந்து பீடத்தருகே நிற்கிறார். மிகுதியான சாம்பிராணி அவருக்குக் கொடுக்கப்படுகிறது. இறைமக்கள் அனைவருடைய செபங்களோடும் சேர்த்து அதை அவர் அரியணை முன் உள்ள பீடத்தில் இடுகிறார். புகையும் செபமும் ஒன்றாக மேலெழுகின்றன. பாட்டு ஏன் நின்றது என்று இப்போது விளங்குகிறதா? கீழேயிருந்து வரும் முணுமுணுப்பு மேலே கேட்கவேண்டும்! யூத மறைநூலாரின் தல்மூதிலும் இதையொத்த எண்ணம் உண்டு. விண்ணுலகில் ஓர் அடுக்கில் உள்ள வானதூதர்கள் இரவெல்லாம் பாடுவார்களாம்; பகலில் இஸ்ராயேல் மக்களின் மாண்பைக் கருதி வாய் திறவாமல் இருப்பார்களாம். மனிதர் செபிக்கும் வேளையில் சம்மனசுகள் குறுக்கே பாடக்கூடாது என்ற மரியாதை! இந்த இடத்தில் எங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்தது உண்மை. மண்டபத்தில் சின்ன வகுப்புப் பிள்ளை ஒருத்தி மெல்லிய குரலில் பேச வந்தால், பெரிய வகுப்புப் பிள்ளைகளை அதட்டி உட்கார வைப்பது போல அல்லவா இருக்கிறது!

அருளப்பர் காலத்து யூதருக்குத் தூபம் என்றதும் யெருசலேம் ஆலயம்தான் கண்முன் நிற்கும். அங்கே நாள்தோறும் காலையிலும் மாலையிலும் தூபம் காட்டுவார்கள். எந்தக் குரு காட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். வாழ்நாளில் ஒரு முறை அந்தப் பேறு பெற்றவர் மறுபடி அந்தச் சீட்டில் சேரமாட்டார். திருமுழுக்கு அருளப்பரின் தந்தை சக்கரியாஸ் அப்படிச் சீட்டு விழுந்து உள்ளே சென்றபோதுதான் வானதூதரைக் கண்டார். மக்கள் வெளியே செபித்துக்கொண்டு நின்றார்கள் என்று லூக்காஸ் எழுதுகிறார். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தூபம் காட்டச் செல்லும் குருக்கள் மண்டபத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே வந்ததும், பெரியதோர் அள்ளுகருவியைத் தரையில் வீசுவார்களாம். அந்த ஓசையில் யெருசலேமில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேளாதாம். ஆலயத்தில் ஓசை முதலில், தூபம் பிறகு. அருளப்பர் கண்ட காட்சியிலோ மௌனம் முதலில், பிறகு தூபம், கடைசியில்தான் இடியோசை.

ஒன்றை நாம் மறக்கலாகாது. கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமையர் அந்த ஆலயத்தை எரித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மரபு சொல்வதுபோல் 95ஐ ஒட்டி இக்காட்சி எழுதப்பட்டதென்றால், மண்ணில் அந்தத் தூபம் நின்று கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. எரிந்துபோன பீடத்தை அருளப்பர் மேலே எரியாமல் காண்கிறார்.

இனி வருவதுதான் எங்கள் வகுப்பை வாயடைக்க வைத்த வசனம். அதே வானதூதர் அதே கலசத்தை எடுக்கிறார். செபம் சுமந்த அந்தக் கலசத்தில் பீடத்து நெருப்பை நிரப்பி மண்ணுலகின் மேல் எறிகிறார். இடி, மின்னல், நிலநடுக்கம்! ஏழு தூதர்களும் எக்காளம் ஊத ஆயத்தமாகிறார்கள்.

அருட்சகோதரி இதை வாசித்து முடித்ததும் எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலைகள் மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. அவளுடைய அம்மா ஓர் ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் முற்பகலில் அந்த அறை வெடித்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவை ஒரு காசோலையும், கருகி நெளிந்த ஒரு தூக்குவாளியும். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆலை ஓராண்டுக்குள் வேறு பெயரில் திறந்துவிட்டது. இதை அவள் சம்மதத்துடனேயே எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

"தீ வேண்டாம் சிஸ்டர்," என்றாள் அவள். "அது யார் மேல விழும்? எங்க ஊர்ல தீ எப்பவும் கூலிக்குப் போனவங்க மேலதானே விழுது? முதலாளி மேல ஒரு பொறிகூட விழலையே!"

சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது ஒரு வசனத்தைச் சொல்லி அவளை உட்கார வைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாததற்காக இன்றும் நன்றியோடிருக்கிறோம். "தெரிஞ்சுக்கிட்டு வர்றேன்மா," என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த வாரம் முழு நூலையும் தாள் தாளாகக் குறித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் ஆறாம் அதிகாரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஐந்தாம் முத்திரை உடையும்போது பீடத்தின் அடியில் கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் தெரிகின்றன. எங்கள் இரத்தத்துக்கு எப்போது தீர்ப்பு என்று அவர்கள் உரத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வெண்ணாடை கொடுத்து, இன்னும் சிறிது காலம் பொறுக்கும்படி சொல்லப்படுகிறது. ஆகவே கலசத்தில் இருந்தவை இனிமையான செபங்கள் மட்டுமல்ல. இந்தக் கூக்குரலும் அதில் இருந்தது. தீர்வை என்பது எங்கிருந்தோ வந்து விழுந்த கோபமன்று, கேட்கப்பட்ட மன்றாட்டுக்கு வந்த மறுமொழி என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

"சரி சிஸ்டர், யார் மேல விழுது?" தோழி விடவில்லை.

பதினோராம் அதிகாரத்தில் ஏழாம் எக்காளம் முழங்கும்போது, மண்ணுலகை அழிப்பவர்களை அழிக்கும் காலம் வந்ததாக மூப்பர்கள் சொல்கிறார்கள். பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன் எரிகிறது. அது உரோமையைக் குறிக்கும் மறைபெயர் என்பது அறிஞர் பலருடைய கருத்து. வணிகர்கள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். எதற்காக? செத்தவர்களுக்காக அல்ல, தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று! அந்தச் சரக்குப் பட்டியலை எங்களை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கம், சாம்பிராணி, எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, தேர் என்று நீண்டுகொண்டே போய்க் கடைசிச் சரக்காக மனித உயிர் வருகிறது. குதிரைக்கும் தேருக்கும் பின்னால், விலைச்சீட்டின் அடியில்! வாசித்துக்கொண்டிருந்தவள் அங்கே நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் எங்கள் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. முதல் எக்காளம் ஊதும்போது மரங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிகிறது. பசும்புல் முழுவதும் எரிகிறது. புல் என்ன பாவம் செய்தது? பங்குத் தந்தையிடமும் கேட்டோம். மூன்றில் ஒரு பங்கு என்பது எச்சரிக்கை, இன்னும் மனம் திரும்ப இடமுண்டு என்பதன் அடையாளம் என்றார். ஒன்பதாம் அதிகாரத்தின் முடிவில் எஞ்சியவர்கள் மனம் திரும்பவில்லை என்று எழுதியிருப்பதால் அவர் சொன்னது பொருந்துகிறது. புல்லுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

எங்கள் பாட்டிமார் சிறுமிகளாயிருந்த நாளில் இறந்தோர் பூசையில் கோபத்தின் நாளைப் பற்றிய இலத்தீன் பாடல் ஒன்றைப் பாடுவார்கள். 1970இன் புதிய திருப்பலி நூலில் அது விடப்பட்டது. அதன் இராகத்தைக் கேட்டாலே நடுக்கம் வரும் என்று ஒரு பாட்டி சொன்னார். தீர்வை என்றால் நடுங்க வேண்டும் என்றே நாமும் பழகியிருக்கிறோம். ஆனால் நீதி கிடைக்காமல் காத்திருப்பவளுக்கு அந்த நாள் வேறுவிதமாகத் தோன்றுகிறது. வாய்தா மேல் வாய்தா என்று அலைந்தவர்களுக்கு, தள்ளிப்போடாத நீதிபதி ஒருவர் உண்டு என்பது அச்சமூட்டும் செய்தியா?

நூலகத்துப் படப் புத்தகம் ஒன்றில், பிரான்சு நாட்டு ஆஞ்செ நகரத்துத் திரைச்சீலைகளைப் பார்த்தோம். 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அஞ்சு கோமகனுக்காக நெய்யப்பட்டவை. திருவெளிப்பாடு முழுவதும் அவற்றில் காட்சி காட்சியாக இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஆரஞ்சு மரங்களைப் பனியிலிருந்து காக்கப் போர்த்தினார்களாம்! 19ஆம் நூற்றாண்டில் சேகரித்துத் தைத்து மீட்டார்கள். இன்று நூறு மீட்டர் அளவில் எஞ்சியுள்ளது. வானதூதர் கலசத்தைக் கவிழ்க்கும் காட்சியும் அவற்றுள் உண்டு.

மௌனத்துக்குப் பொருள் சொன்ன முன்னோர் பலர். இலத்தீனில் இந்நூலுக்கு நமக்குக் கிடைத்துள்ள உரைகளில் மிகப் பழையதை எழுதியவர் மறைசாட்சியான புனித விக்தோரினு. முடிவில்லா இளைப்பாற்றியின் தொடக்கம் அது என்றார் அவர். பெரிய கிரகோரியாரோ, இவ்வுலகில் தியானம் முழுமை பெறாது, அதனால்தான் அரை மணி என்றார். இரண்டும் அழகியவை. எங்கள் தோழியோ மூன்றாவதாக ஒன்று சொன்னாள்.

விவிலியத்தின் அதிகாரப் பிரிவுகள் முதலில் இருந்தவையல்ல, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்தேபான் லாங்டன் என்பவர் வகுத்தவை என்று சகோதரி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அன்றிரவு படிப்பு வேளையில் அவள் நூலைத் திறந்து, எட்டு என்ற எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு வாசித்தாள். ஏழாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், துன்பத்திலிருந்து வந்தவர்களின் கண்ணீர் அனைத்தையும் கடவுள் துடைப்பார் என்று சொல்லப்படுகிறது. எண்ணை எடுத்துவிட்டால் அடுத்த வாக்கியமே மௌனம்.

"இத்தனை பேர் கண்ணீரைத் துடைக்கணும்னா கொஞ்ச நேரம் ஆகாதா? அதுக்குத்தான் அரை மணியோ என்னமோ," என்றாள்.

உரையாசிரியர் எவரும் அப்படிச் சொன்னதாகத் தாம் படித்ததில்லை என்றார்கள் சகோதரி. மறுக்கவும் இல்லை.

வழக்கு தை மாதத்தில் மீண்டும் வருகிறது. அவளுடைய அப்பா சாட்சி சொல்லப் போகிறார்.